கிளிசரின் கண்ணீரைத் தேர்ந்தெடுத்தவர்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. போலந்து இயக்குநர் கிரிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி ஆவணப்படத்தில் தொடங்கிக் கதைப்படத்தில் உலகப் பெயர் வாங்கினார். அப்படியென்றால் ஆவணப்படம் அவருக்கு வெறும் ஏணிதானா என்பது ஒன்று. ஏறிய பிறகு அவர் ஏன் திரும்பி வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொன்னால் முதலாவது தானாகவே விழுந்துவிடும். அவர் ஏறிப் போகவில்லை. பயந்து விலகினார். எதைக் கண்டு பயந்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேமராவைக் கையில் எடுக்கப்போகிற உங்களுக்கு அவருடைய விருதுகளைவிட அந்தப் பயம்தான் உதவும்.

நம் ஊர் திரைப்படச் சங்கங்களில் அவர் பெயரைச் சொன்னால் உடனே 'மூன்று வண்ணங்கள்' என்பார்கள்: நீலம், வெள்ளை, சிவப்பு. கொஞ்சம் ஆழமாகப் போனவர்கள் 'டெகலாக்' பத்துப் படங்களைச் சொல்வார்கள். 1966இலிருந்து 1980 வரை அவர் எடுத்த இருபதுக்கும் மேற்பட்ட ஆவணப்படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலும் பத்து நிமிடம், இருபது நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். இருபது வருடமாக ஆவணப்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறவன் நான். 'நீலம்' பார்த்து அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்தச் சிறிய படங்களைப் பார்த்த பிறகுதான் அவரைப் புரிந்தது.

1941 ஜூன் 27இல் வார்சாவில் பிறந்தார். அப்பா பொறியாளர், காசநோயாளி. அவர் சிகிச்சைக்குப் போகும் ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் பெட்டி கட்டிக்கொண்டு போனது. அப்படிப் போய் நிலைத்த ஊர் சொகொவோவ்ஸ்கோ, மலையடிவாரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை ஊர். அங்கே எப்போதாவது படம் போடுவார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் பையன்கள் கூரைமேல் ஏறிக் காற்றுத் துவாரம் வழியாகப் பார்ப்பார்களாம்; திரையின் இடது கீழ் மூலை மட்டும் தெரியும். பிற்காலத்தில் அவரே சொன்ன நினைவு இது. ஒரு மூலையை வைத்து முழுப்படத்தை ஊகிக்கிற பழக்கம் அவருடைய ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. அதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

பதினாறு வயதில் தீயணைப்புப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து மூன்றே மாதத்தில் வெளியே வந்தார். சீருடையும் ஒழுங்கும் அவருக்கு ஒத்துவரவில்லை. பிறகு நாடக அரங்கத் தொழில்நுட்பம் படித்தார். லோட்ஸ் என்று நாம் எழுதும் வூட்ஜ் நகரத்துத் திரைப்படப் பள்ளிக்கு இருமுறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை, 1964இல், எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய ஆசிரியர் கஸிமியெஷ் கராபாஷ். டிராம் பணிமனைத் தொழிலாளர்களின் பேண்டு வாத்தியக் குழு ஒத்திகை பார்ப்பதைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்த 'ஞாயிறு இசைக்காரர்கள்' படத்தின் இயக்குநர். விளக்கம் சொல்லாமல், கருத்தைத் திணிக்காமல், முகத்தைப் பொறுமையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். கடைசிவரை கீஸ்லோவ்ஸ்கி தனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்றாக அதைச் சொல்லிவந்தார்.

அன்றைய போலந்தில் ஆவணப்படத்துக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. திரையரங்கில் முதன்மைப் படத்துக்கு முன்னால் குறும்படம் ஒன்று ஓடும். மக்கள் அதைக் கவனித்துப் பார்த்தார்கள். பத்திரிகையும் தொலைக்காட்சியும் நாடு எப்படி இருக்கவேண்டுமோ அப்படிக் காட்டின. எப்படி இருந்தது என்று யாரும் காட்டவில்லை. விவரிக்கப்படாத உலகத்தில் வாழ்வது கடினம் என்பது கீஸ்லோவ்ஸ்கியின் கருத்து. கடையில் இறைச்சி இல்லை, ஆஸ்பத்திரியில் பஞ்சு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்; அதை ஒருவர் திரையில் காட்டும்போது நாம் தனியாள் இல்லை என்ற தெம்பு வரும். அந்தத் தலைமுறை ஆவணப்படத்தைக் கையில் எடுத்தது அதற்காகத்தான்.

மாணவனாக எடுத்த 'அலுவலகம்' ஐந்தாறு நிமிடம்தான். ஓய்வூதியம் கேட்டு வயதானவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் எழுத்தர் பென்சில் சீவுகிறார், முத்திரை தேடுகிறார், இந்தத் தாள் போதாது இன்னொன்று கொண்டுவா என்கிறார். கடைசியில் கேமரா அடுக்கடுக்கான கோப்புகளைக் காட்டும்போது, இதுவரை வாழ்க்கையில் என்னென்ன செய்தாய் என்று எழுதித் தரும்படி அதே குரல் கேட்கிறது. படிவத்தில் உள்ள ஒரு சாதாரணக் கட்டம்தான் அது. அந்த இடத்தில் கேட்கும்போது நெஞ்சில் தைக்கிறது. தாலுகா ஆபீசில் ஒருநாள் நின்றவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வார்சாவின் ஆவணப்பட நிறுவனத்தில் வேலை. 'தொழிற்சாலை' படத்தில் உர்சுஸ் டிராக்டர் ஆலையில் நிர்வாகக் கூட்டமும் பட்டறை வேலையும் மாறி மாறி வரும். இங்கே பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அங்கே உதிரிபாகம் இல்லை. செப்புச் சுரங்கத்துக்காகப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லும் படம்கூட எடுத்தார். சோற்றுக்காக எடுத்தது, அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 'மருத்துவமனை' அப்படி இல்லை. எலும்பு முறிவு மருத்துவர்களின் 32 மணி நேரப் பணியை மணி மணியாகத் தொடர்கிறது. நோயாளியின் எலும்பில் ஆணி அடிக்கிறார்கள், சுத்தியல் கையிலேயே உடைந்துபோகிறது. மின்சாரம் நின்று நின்று வருகிறது. மருத்துவர்கள் சிரித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். அந்த உடைந்த சுத்தியலுக்கு மேல் அந்த நாட்டைப்பற்றி ஒரு சொல் தேவைப்படவில்லை.

இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

1970 டிசம்பரில் பால்டிக் கரையோரத் துறைமுக நகரங்களில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள்; சுடப்பட்டார்கள்; ஆட்சித் தலைமை மாறியது. அதன்பின் தொழிலாளர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு 'தொழிலாளர்கள் 71' என்ற படத்தை நண்பர்களுடன் சேர்ந்து எடுத்தார். நம்பிப் பேசியவர்களின் குரல் பதிவான நாடாக்கள் எடிட்டிங் அறையிலிருந்து காணாமல்போயின. மேற்கத்திய நாட்டு வானொலிக்கு விற்றுவிட்டாரா என்று அவரையே அழைத்து விசாரித்தார்கள். படம் வெட்டப்பட்டு வேறு பெயரில் ஒளிபரப்பானது. தன்னிடம் மனம் திறந்தவர்களின் குரல் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாத நிலை. இது முதல் அடி.

இரண்டாவது அனுபவத்தில் வெளியிலிருந்து யாரும் அடிக்கவில்லை, அவரே செய்தது. 'முதல் காதல்', 1974. பதினேழு வயதுப் பெண், அவளைவிடக் கொஞ்சம் மூத்த பையன், எதிர்பாராத கர்ப்பம். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து குழந்தை பிறந்து சில வாரம்வரை கூடவே இருந்து படம் எடுத்தார். வசிப்பிடத்தை அரசிடம் பதிவு செய்யாமல் ஒரு அறையில் தங்கியிருக்கிறார்கள், எப்படியும் ஒருநாள் போலீஸ் வரும் என்பதால், கேமரா இருக்கும்போதே வரட்டும் என்று ஒரு போலீஸ்காரரை வரவழைத்தார். நிறைமாதத்தை நெருங்கிய பெண். அவள் முகத்தில் வந்த பயம் நிஜம். படத்தில் அது அற்புதமான காட்சி. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காட்சி கையில் இருந்தால் எவனும் வெட்டமாட்டான். ஆனால் அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? பின்னாளில் இதை அவர் மறைக்கவில்லை, ஆபத்தான காரியம் என்று ஒப்புக்கொண்டார். பிறந்த குழந்தை வளர வளரப் பல வருடம் படமாக்கும் திட்டம் ஒன்றும் இருந்தது. அதைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டார்.

அடுத்த வருடம் வந்த 'வாழ்க்கைக் குறிப்பு' ஒரு விசித்திரமான கலவை. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஒழுங்குக் குழு ஒரு உறுப்பினரை விசாரிக்கிறது. குழு நிஜம், வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் அதே ஆட்கள். எதிரே உட்கார்ந்தவரின் வாழ்க்கைக் கதை மட்டும் எழுதிக் கொடுத்தது. சில நிமிடத்தில் குழுவினர் இது படம் என்பதை மறந்து முழு மூச்சாகக் குடைய ஆரம்பித்துவிடுகிறார்கள். கற்பனையான ஒரு ஆளை வைத்து நிஜமான அதிகாரத்தை வெளியே இழுத்தார். யாருக்கும் காயமில்லை. ஆவணமும் புனைவும் அவருக்கு இரண்டு தனி வீடுகள் இல்லை, நடுவில் கதவு இருந்தது என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு 'இரவுக் காவலாளியின் பார்வையில்', 1977, பதினேழு நிமிடம். ஒரு தொழிற்சாலைக் காவலாளி. ஒழுங்கு, விதி, கட்டுப்பாடு இவைதான் அவருக்கு மூச்சு. ஓய்வு நேரத்திலும் ஆற்றங்கரையில் உரிமம் இல்லாமல் மீன் பிடிப்பவர்களைப் பிடிக்கிறார். புதர் மறைவில் உட்கார்ந்த காதலர்களை விரட்டுகிறார். குற்றவாளிகளை ஊர் பார்க்கத் தூக்கில் போடவேண்டும் என்று அமைதியாகச் சொல்கிறார். நிறங்களைத் திரிக்கும் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிமில் வேண்டுமென்றே எடுத்தார்கள். அந்த மனிதரின் உலகமே சற்று அழுகிய நிறத்தில் தெரியும். படம் திருவிழாவில் பரிசு வாங்கியது. காவலாளிக்கும் படம் பிடித்திருந்தது! அங்கேதான் கீஸ்லோவ்ஸ்கிக்குத் தொண்டையில் முள் சிக்கியது. இந்த மனிதர் தீயவர் இல்லை. தான் சரியாகப் பேசியதாக நினைக்கிறார். தொலைக்காட்சியில் வந்தால் அக்கம்பக்கம் கைகொட்டிச் சிரிக்கும். ஒளிபரப்ப வேண்டாம் என்று இயக்குநரே தடுத்தார். அதே வருடம் எடுத்த 'தெரியாது' படத்தில் ஒரு ஆலை நிர்வாகி தன்னைக் கட்சிக்காரர்கள் எப்படி ஒழித்தார்கள் என்று பெயர் சொல்லிப் பேசுகிறார். பெயர்கள் வரும் இடத்தில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தத்தைப் போட்டு மூடினார். அதையும் ஒளிபரப்ப விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். தணிக்கையை எதிர்த்துப் போராடுகிற இயக்குநர்களைப்பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். தன் படத்தைத் தானே தடுத்து நிறுத்தியவர் இவர். அரசுக்குப் பயந்து இல்லை, படத்தில் இருக்கிற மனிதருக்காக.

எனக்கு இது தூரத்துக் கதை இல்லை. பல வருடம் முன்பு ஒரு விசைத்தறி ஊரில் எடுத்த படத்துக்கு நான் படத்தொகுப்பு செய்தேன். முன்பணக் கடனைப்பற்றி ஒரு அம்மா பேசினார். முகத்தை மறைத்தோம். கையில் இருந்த தழும்பை மறைக்கத் தோன்றவில்லை. படம் அந்த வட்டாரத்தில் திரையிடப்பட்ட மறுவாரம் அவருக்குத் தறி இல்லை. குளோசப்பில் அந்தக் கை அழகாக இருந்தது என்பதால் நான் வைத்த ஷாட் அது. கீஸ்லோவ்ஸ்கியின் தட்டச்சுச் சத்தத்தைப் பிறகுதான் கேட்டேன்.

அவரை முழுவதுமாகத் திருப்பியது 1980இல் எடுத்த 'ரயில் நிலையம்'. வார்சா மத்திய ரயில் நிலையத்தின் இரவுகள்: தாமதமான ரயில்கள், தூங்கிவழியும் பயணிகள், மேலே சுழலும் கண்காணிப்புக் கேமரா. பயணிகள் பெட்டிகளை வைத்துப் பூட்டப் புதிதாக வந்த பெட்டக அறைகளைப் பயன்படுத்தத் தெரியாமல் மக்கள் தடுமாறுவதைப் பாதி மறைவிலிருந்து ஒருநாள் படமெடுத்தார்கள். நிறுவனத்துக்குத் திரும்பினால் போலீஸ் காத்திருக்கிறது. எடுத்த பிலிம் முழுவதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஒரு பெண் தன் தாயைக் கொன்று, உடலைப் பெட்டியில் அடைத்து அதே பெட்டகத்தில் வைத்திருக்கிறாள். படத்தில் அவள் விழுந்திருக்கிறாளா என்று பார்த்திருக்கிறார்கள். விழவில்லை.

ஆனால் விழுந்திருந்தால்? கேமராவை இடப்பக்கம் திருப்பாமல் வலப்பக்கம் திருப்பியிருந்தால் அவர் போலீசின் கையாளாகியிருப்பார். கொலைகாரியைப் பிடிக்க உதவுவது தப்பா என்று நீங்கள் கேட்கலாம். அவர் கவலை அதுவல்ல. நான் எடுக்கிற படம் எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், வேறொருவர் கையில் ஆயுதமாக முடியும். அதைத் தடுக்க எனக்கு வழியே இல்லை. இன்று ரயில் நிலையத்தில், தெருமுனையில், நம் சட்டைப்பையில் எல்லாம் கேமரா. அந்தக் கவலை 1980ஐவிட இன்று பெரியது.

இன்னொரு காரணமும் இருந்தது. மனிதனுக்குள் நெருங்க நெருங்க, படமெடுக்கக் கூடாத இடங்கள் தென்பட ஆரம்பித்தன. காதலைப்பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டுமானால் படுக்கையறைக்குள் போகமுடியுமா? மரணத்தைப்பற்றி என்றால் சாகிறவர் பக்கத்தில் விளக்கு வைக்கலாமா? நிஜக் கண்ணீரைக் கண்டால் தனக்குப் பயம், அதைப் படமெடுக்கத் தனக்கு உரிமை உண்டா என்றே தெரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சில தடவை நிஜக் கண்ணீரையும் படமாக்கியிருக்கிறார். அது முற்றிலும் வேறு என்றும் தெரிந்தவர். தெரிந்தேதான் கிளிசரினுக்குப் போனார். கிளிசரின் என்றால் நம் சினிமாவில் பொய்யழுகை என்று பொருள். இவருக்கு அது ஒருவரின் நிஜ அழுகையைத் திருடாமல் இருப்பதற்கான வழி.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1975இலேயே தொலைக்காட்சிக்காக 'பணியாளர்கள்' என்ற கதைப்படம் எடுத்திருந்தார். ஓபரா அரங்கின் தையற்கூடத்தில் வேலைக்குச் சேரும் பையன். நிஜத் தையல்காரர்களும் நடிகர்களும் கலந்து இருக்கிறார்கள், யார் யார் என்று பிரிக்க முடியாது. கடைசியில் தன் நண்பரைக் குற்றம்சாட்டி எழுதித் தரும்படி நிர்வாகம் அவன் முன் வெள்ளைத்தாளை வைக்கிறது. எழுதினானா இல்லையா என்று படம் சொல்வதில்லை.

1979இல் வந்த 'அமாதோர்' இந்தப் பேச்சு முழுவதற்கும் நடுநாயகம். யெர்ஸி ஷ்டூர் நடித்த ஃபிலிப் மோஷ் ஒரு சிற்றூர்த் தொழிற்சாலை ஊழியர். பிறந்த மகளைப் படமெடுக்க எட்டு மில்லிமீட்டர் கேமரா வாங்குகிறார். தொழிற்சாலை விழாவைப் படமெடுக்கச் சொல்கிறார்கள். பிறகு ஊரை எடுக்கிறார். பரிசு, பாராட்டு, தொலைக்காட்சி. வீட்டில் மனைவி தனிமைப்படுகிறாள். அவள் வீட்டைவிட்டுப் போகும்போது அவர் விரல்களால் சட்டம் கட்டி அதை ஷாட்டாகப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் உடல் கூசும். கேமரா பிடித்த யாருக்கும் கூசும். அவர் நல்ல எண்ணத்தில் எடுத்த ஒரு படத்தால் அவரை ஆதரித்த மூத்தவர் வேலையிழக்கிறார். எடுத்து வைத்திருந்த இன்னொரு ரீலை ஃபிலிப் டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் விட்டு அழிக்கிறார். கடைசியில் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். இயக்குநர் கிரிஸ்டோஃப் ஸனுஸி படத்துக்குள் ஸனுஸியாகவே வந்துபோகிறார். அந்த வருடம் மாஸ்கோ திரைப்பட விழாவில் முதல் பரிசு. காவலாளிக்கும், பெட்டக அறைக்கும், கர்ப்பிணிப் பெண்ணுக்கும் சேர்த்து அவர் கொடுத்த பதில் இந்தப் படம் என்று நான் நினைக்கிறேன். 'ரயில் நிலையம்' அதற்குப் பின்னால்தான் வந்தது என்றாலும். தன் படத்தில் தானே எழுதிவைத்த ஆபத்து அடுத்த வருடமே நிஜத்தில் வந்து நின்றது.

1981 டிசம்பர் 13இல் போலந்தில் ராணுவச் சட்டம். கீஸ்லோவ்ஸ்கி மறுபடி ஒருமுறை ஆவணப்படத்துக்கு முயன்றார். சுவரில் எழுதியதற்கும் ஊரடங்கை மீறியதற்கும் இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றங்களைப் படமாக்க அனுமதி வாங்கினார். போனால் விசித்திரம்: கேமரா இருக்கும் அறையில் நீதிபதிகள் கடுந்தண்டனை கொடுக்கத் தயங்கினார்கள். தன் முகம் இந்தத் தீர்ப்போடு பதிவாவதை எந்த நீதிபதியும் விரும்பவில்லை. செய்தி பரவி வழக்கறிஞர்கள் எங்கள் வழக்குக்கும் வாருங்கள் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது கேமரா ஒன்றையும் ஏற்பாடு செய்து, உள்ளே பிலிம் இல்லாமலேகூட வைத்திருக்கிறார்கள். எடுக்க நினைத்தது தண்டனையை. கேமரா போன இடத்தில் தண்டனை நடக்கவில்லை. படம் கிடைக்கவில்லை, பல பையன்கள் வீட்டுக்குப் போனார்கள். கேமரா நன்மையும் செய்யும் என்பதற்கு இதைவிட எனக்குத் தெரிந்த சான்று இல்லை. அதுவும் படம் பிடிக்காத கேமரா.

அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் கிரிஸ்டோஃப் பியெஷெவிச். அன்றிலிருந்து கடைசிவரை அவர்தான் கீஸ்லோவ்ஸ்கியின் திரைக்கதைத் துணை. நீதிமன்ற அனுபவம் 'முடிவில்லை' (1985) என்ற கதைப்படமானது. இசையமைப்பாளர் ப்ரெய்ஸ்னரும் அதில்தான் வந்து சேர்ந்தார். பத்துக் கட்டளைகளைப்பற்றி யாராவது படமெடுக்க வேண்டும் என்று பியெஷெவிச் சொன்னதிலிருந்து 'டெகலாக்' பிறந்தது: வார்சாவின் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு, பத்துக் கதைகள், ஒன்பது ஒளிப்பதிவாளர்கள்.

அதில் ஐந்தாவதன் நீண்ட வடிவம் 'கொலையைப்பற்றி ஒரு சிறிய படம்', 1988. காரணமில்லாமல் ஒரு இளைஞன் டாக்சி ஓட்டுநரைக் கொல்கிறான். ஏறக்குறைய ஏழு நிமிடம் நீளும் கொலை. பிறகு அரசு அவனைக் கொல்கிறது. தூக்கு அறையைத் தயார் செய்யும் காட்சியைப் பாருங்கள். சுழல் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறார்கள், கயிற்றைச் சரிபார்க்கிறார்கள், பொறிக்கதவுக்குக் கீழே தட்டு வைக்கிறார்கள். 'மருத்துவமனை' எடுத்த அதே கண். சொற்பொழிவு இல்லை, வேலை நடக்கிறது, அவ்வளவுதான். ஒளிப்பதிவாளர் இட்ஜியாக் பச்சை வடிகட்டிகள் போட்டு எடுத்த அந்த நிறம், காவலாளிப் படத்து ஆர்வோ நிறத்தின் தம்பி. படம் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது; முதல் ஐரோப்பியத் திரைப்பட விருதும் இதற்கே. போலந்தில் கடைசித் தூக்கு நிறைவேறியதும் அதே 1988தான்.

தூக்குக் காட்சி எடுக்கும்போது, எல்லாம் அரங்கம், எல்லாரும் நடிகர்கள் என்று தெரிந்தும், ஒத்திகையிலேயே படக்குழுவினருக்குக் கால் நடுங்கியது. பார்க்கமுடியாமல் திரும்பி நின்றவர்கள் உண்டு. கீஸ்லோவ்ஸ்கி படப்பிடிப்பை நிறுத்திவிட்டு மறுநாள் முடித்தார். கதைப்படத்தில் அவருக்குக் கிடைத்தது இதுதான். நிறுத்த முடியும். நடிகர் எழுந்து போய் டீ குடிக்க முடியும். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் பயத்தை அப்படி நிறுத்த முடியவில்லை.

பிறகு வந்தவை உங்களுக்குத் தெரியும்: 1991இல் 'வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை', பிறகு மூன்று வண்ணங்கள். 'நீலம்' வெனிஸில் தங்கச் சிங்கம், 'வெள்ளை'க்கு பெர்லினில் சிறந்த இயக்குநர் பரிசு, 'சிவப்பு'க்கு மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள். இவற்றை அழகான பிரெஞ்சுப் படங்கள் என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'நீல'த்தில் சர்க்கரைக் கட்டி காபியை உறிஞ்சுவதை ஒரு குளோசப்பில் காட்டுவார். ஐந்து நொடிக்கு மேல் போனால் பார்வையாளர் பொறுமை இழப்பார் என்று உதவியாளரை விட்டுப் பலவகைச் சர்க்கரைக் கட்டிகளை நனைத்துப் பார்க்கச் சொன்னார். நடிகையின் துக்கத்தைக் கற்பனையாக உருவாக்கலாம். சர்க்கரை மட்டும் நிஜமாக நனைய வேண்டும்!

'சிவப்பு' இன்னும் ஆழம். ஜெனீவாவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அண்டை வீட்டுக்காரர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார். தெரிந்துகொண்டதை வைத்து ஒன்றும் செய்வதில்லை, கேட்கிறார், அவ்வளவுதான். வாலன்டீன் என்ற இளம்பெண் அருவருத்து, சொல்லிவிடுகிறேன் என்று ஒட்டுக்கேட்கப்படும் ஒரு வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு சிறுமி தொலைபேசியின் இன்னொரு கருவியில் அப்பாவின் ரகசியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுகிறாள். அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்க எனக்கு என்ன உரிமை? கேட்டபின் சொல்வதா, மௌனமாக இருப்பதா? எதைச் செய்தாலும் யாருக்கு நோகும்? அந்த நீதிபதியின் நாற்காலியில் நான் எப்போதும் ஒரு பழைய ஆவணப்படக்காரரைத்தான் பார்க்கிறேன்.

எனவே ஏணி என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நம் கல்லூரிகளில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று தெரியும்: ஆவணப்படம் கையில் காசில்லாத காலத்துக்கு, கதைப்படம் தயாரிப்பாளர் கிடைத்த பிறகு. கீஸ்லோவ்ஸ்கி அப்படி நினைத்தவர் இல்லை. அவர் ஆவணப்படத்தை உயரமானதாக நினைத்தார். அந்த உயரத்தில் நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தார். எல்லாரும் அதே முடிவுக்கு வரவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த நீதிமன்றக் கேமராவை யாராவது தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். நான் இன்னும் ஆவணப்படத்தில்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு குளோசப்பிலும் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

1994இல், 53 வயது முடிவதற்குள், இனிப் படம் எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1996 மார்ச் 13இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். பியெஷெவிச்சுடன் சேர்ந்து தொடங்கியிருந்த இன்னொரு முப்படத் திட்டத்திலிருந்து 'சொர்க்கம்' 2002இல் டாம் டிக்வர் இயக்கத்திலும், 'நரகம்' 2005இல் டானிஸ் டானோவிச் இயக்கத்திலும் வந்தன.

பார்க்கத் தொடங்குவதானால் வண்ணங்களில் தொடங்காதீர்கள். 'அலுவலகம்', காவலாளி, 'ரயில் நிலையம்', பிறகு 'அமாதோர்', கொலைப் படம், கடைசியில் 'சிவப்பு'. இவற்றுக்கெல்லாம் முன்னால், 1980இல் அவர் எடுத்த 'பேசும் தலைகள்', பதினான்கு நிமிடம்தான், அதைப் பாருங்கள். எந்த வருடம் பிறந்தீர்கள், நீங்கள் யார், உங்களுக்கு எல்லாவற்றையும்விட என்ன வேண்டும் என்று மூன்றே கேள்வி. பேச்சு வராத கைக்குழந்தையில் தொடங்கிப் பிறந்த ஆண்டு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சுதந்திரம் வேண்டும் என்கிறார்கள், நேர்மை வேண்டும் என்கிறார்கள், பயமில்லாமல் வாழவேண்டும் என்கிறார்கள். யாரையும் சிக்கவைக்காத, யாரையும் அழவைக்காத கேள்விகள். கடைசியாக நூறு வயதுப் பாட்டி வருகிறார். காது சரியாகக் கேட்கவில்லை. கேள்வியை மறுபடி வாங்கிக்கொள்கிறார். என்ன வேண்டும் என்று புரிந்ததும், இன்னும் கொஞ்சநாள் வாழவேண்டும் என்கிறார்.